மறு கரண்டி

அக்காள்மடத்தில் மெயின் ரோட்டு மேலேயே ஒரு இல்லம் இருக்கிறது. அளவமுது இல்லம் என்று பெயர். உள்ளே பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஒரே நோய், பசி. அந்தப் பன்னிரண்டு பேருக்கு அளந்து சோறு போடப் பதினேழு பேர் வேலை பார்க்கிறார்கள். பதினேழில் அடுப்புப் பக்கம் போகிற ஆள் ஒருத்திதான். மற்ற பதினாறு பேரும் அளவு.

என் மகன் வீரமணி அந்தப் பன்னிரண்டில் ஒருத்தன். வயசு இருபத்தெட்டு. பிறந்தப்ப பால் உறிஞ்சக்கூடத் தெம்பில்லாமல் நனைந்த துணி மாதிரிக் கிடந்தான். மூணு வயசில் பிடித்த பசி இன்னும் விடவில்லை. வயிறு நிறைந்தாலும் நிறைந்தது என்று மூளைக்குச் சேதி போகாதாம். மதுரையில் ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். பிராடர் வில்லி என்று தாளில் எழுதிக் கொடுத்தார். அதுவரைக்கும் ஊரில் அவனுக்குச் சோத்துமாடன் என்றுதான் பேர்.

அவனை இல்லத்தில் விட்டதற்குக் காரணம் புண்ணாக்கு.

முதுகுளத்தூருக்குத் தெற்கே எங்கள் ஊர். மானாவாரி மிளகாய், பத்து ஆடு. ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஆட்டுக்கு ஊறப் போட்ட கடலைப் புண்ணாக்கை ஒரு வாளி அள்ளித் தின்றுவிட்டான். வயிறு தவில் மாதிரி ஆகிப்போனது. மதுரைக்குக் கொண்டு போய்த்தான் பிழைத்தான். “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வயிறு கிழிஞ்சிரும் பெரியவரே, அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது” என்று டாக்டரம்மா சொன்னார்.

வீட்டைப் பூட்டலாம், பூட்டினேன். அரிசி டின்னு, விதைக்கடலை மூடை, புளிப்பானை எல்லாத்துக்கும் பூட்டு. ஊரைப் பூட்ட முடியுமா? எங்கள் தெருவில் பதினெட்டு வீடு. “பசிக்குதத்தே” என்று வாசலில் நிற்கிறவனை வெறும் கையோடு அனுப்ப எங்கள் ஊரில் ஒருத்திக்கும் தெரியாது. வீட்டுக்கு ஒரு கை என்றால் பதினெட்டுக் கை. அவர்கள் புண்ணியத்தைத் தேடினார்கள், நான் ஆஸ்பத்திரியைத் தேடினேன். இந்த இல்லத்தை விட்டு வீரமணி வெளியே வந்தால் ஆறு மாசம் தாங்க மாட்டான். இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள். இல்லையென்றால் இந்தக் கிழவன் ஏன் இத்தனைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்தான் என்று தோன்றும்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அவனைப் பார்க்கப் போவேன். முதுகுளத்தூரில் ஒரு பஸ், ராமநாதபுரத்தில் மாறி இன்னொரு பஸ். அன்றைக்கெல்லாம் நான் பட்டினி. ஏனென்றால் அவன் வந்ததும் என் வாயருகே மூக்கைக் கொண்டு வந்துவிடுவான். ஒரு தடவை ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தின்று, வாய் கொப்பளித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு போனேன்.

“ரெண்டு பரோட்டா. ஆட்டுச் சால்னா” என்றான். “அய்யா, வெங்காயம் வச்சாகளா?”

அவனுக்கு எழுத்து தெரியாது. கடிகாரம் தெரியும். காலை எட்டு, மத்தியானம் பன்னிரண்டரை, சாயங்காலம் நாலு, ராத்திரி ஏழரை. அந்த நாலு நேரத்துக்கு முள் வருகிறபோது தட்டு வந்துவிட்டால் அவனைப் போலத் தங்கமான ஆள் இல்லை. அடுத்தது எப்ப, என்ன, எவ்வளவு, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் கையைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்வான், கத்துவான்.

பூமயில் சமைத்த முதல் ஒரு வருசம் சத்தம் என்பதே இல்லை. பூமயில் என்பவள்தான் நான் சொன்ன அந்த ஒருத்தி. பரமக்குடிப் பக்கம் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவள். ஆளுக்கு நூற்றிருபது கிராம் சோறு என்று சீட்டில் எழுதியிருக்கும். அதை ஒரே கரண்டியில் வைக்க மாட்டாள். பாதிக் கரண்டி வைத்துவிட்டு ஒரு சுற்றுப் போவாள். அவர்கள் தின்று முடிக்கிற நேரம் பார்த்துத் திரும்ப வந்து மறு பாதியை வைப்பாள். தராசில் வைத்துப் பார்த்தால் அதே நூற்றிருபதுதான்.

“ஒத்தக் கரண்டி வச்சிட்டு முதுகக் காட்டிட்டுப் போறது செத்தவுகளுக்குப் படைக்கையிலதான் அண்ணே” என்றாள் என்னிடம். “இதுக உசிரோட இருக்குதுகல்ல. மறு கரண்டி வைக்காம எப்புடிப் போறது? அதுகளும் ரெண்டு வாட்டி தின்னோம்னு எந்திரிச்சுப் போயிருதுக.”

இது எந்தப் படிப்பில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. வேலை செய்தது.

அப்போதுதான் புது இயக்குநர் வந்தார். யோகேஸ்வரன் என்று பெயர். வெளிநாட்டில் பதினோரு நாள் பயிற்சி எடுத்தவர். அந்தப் பதினோரு நாளில் என்ன தின்றார்கள் என்பதை அவர் ஒரு மணி நேரம் சொல்லுவார். யாரிடம் சொல்லுவார் என்றால், பசி நோய்க்காரர்கள் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்து அவர்களிடம் சொல்லுவார். முதல் நாள் சொற்பொழிவு முடிந்ததும் மதுமதி என்கிற பிள்ளை எழுந்து, “அந்த வெண்ணெய் ரொட்டி இப்ப எங்கன சார் இருக்கு?” என்று கேட்டாள். இயக்குநர் அதை ஆர்வம் என்று குறித்துக்கொண்டார்.

வந்த வாரமே சமையலறைக்கு மூன்று பூட்டுப் போட்டார். ஒரு சாவி அவரிடம். ஒரு சாவி உணவியல் நிபுணர் கோகிலாம்மாவிடம். ஒரு சாவி பதிவேடு எழுதுகிற நவ்ஷாத் தம்பியிடம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். கோயில் நகைப்பெட்டிகூட இப்படி இல்லை. கோகிலாம்மா ஒரு நாள் பாம்பன் பாலத்தில் ரயில் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டதில் காலை எட்டு மணி இட்லி எட்டு நாற்பதுக்கு வந்தது. பன்னிரண்டு பேரும் கதவை இடித்தார்கள். “பூட்டு போட்டது எவ்வளவு சரி என்று இப்போது புரிகிறதா?” என்றார் இயக்குநர்.

இட்லிக்கு முப்பத்தெட்டு கிராம் என்று நிர்ணயம் ஆனது. பூமயில் ஊற்றினால் நாற்பத்தொன்று வரும், சில நாள் நாற்பது. அதற்காக ஒரு ஆளைப் போட்டார்கள். அவர் தராசும் ஒரு சின்னக் கத்தியும் வைத்துக்கொண்டு இட்லியின் ஓரத்தைச் சீவி எடை சேர்ப்பார். சீவி விழுந்ததற்கு இட்லிச் சீவல் என்று பதிவேட்டில் ஒரு தலைப்பு. அதைக் குப்பையில் போடக்கூடாது, நோயாளிகள் தோண்டி எடுத்துவிடுவார்கள். ஆடு மாடு வளாகத்துக்குள் விடக்கூடாது. ஆகையால் ஊழியர்கள் முன்னிலையில் அழிக்கப்பட்டது என்று தினமும் கையெழுத்து. எப்படி அழித்தார்கள் என்று சீவுகிற ஆளின் வயிற்றைப் பார்த்தால் தெரியும். ஒரு மாசத்தில் அவருக்குச் சட்டை பட்டன் எட்டவில்லை.

பிறகு கருவாடு. பாம்பனில் கருவாடு காய்கிற நாளில் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வாசம் இல்லத்துக்குள் வரும். வாசம் வந்தால் இவர்கள் மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதற்கு ஒரு கூட்டம் போட்டு, கடற்கரை மீனவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ‘தங்கள் கருவாட்டின் மணம் எமது உணவு அளவுக் கொள்கைக்கு வெளியே உட்செல்கிறது. காற்று மேற்கிலிருந்து வீசும் நாட்களில் உலர்த்துவதற்கு முன்னனுமதி பெறவும்.’ அங்கிருந்து வாவு முகம்மது என்ற படகுக்காரர் பதில் எழுதியனுப்பினார். ‘காத்துக்கு நாங்க சொல்லிப் பாத்துட்டோம், நீங்களும் ஒரு லெட்டர் போட்டுப் பாருங்க.’ அது கோப்பில் ‘ஒத்துழைப்புக் கடிதம்’ என்று இருக்கிறது. நானே பார்த்தேன்.

நான் எப்படிக் கோப்பைப் பார்த்தேன் என்றால், என்னைக் குழுவில் போட்டுவிட்டார்கள். அளவுக் குழுவில் பெற்றோர் பிரதிநிதி ஒருவர் இருந்தாக வேண்டும் என்று சட்டமாம். அன்றைக்கு வந்திருந்த பெற்றோர் நான் ஒருத்தன்தான்.

“நான் மூணாங் கிளாஸ்தான் சார்” என்றேன்.

“அதனால் என்ன? நீங்கள் பேச வேண்டியது இருக்காது” என்றார் இயக்குநர்.

குழு உட்கார்ந்ததும் முதலில் முந்திரி பிஸ்கட்டும் டீயும் வந்தது. பேச்சு ஆரம்பித்தது, உருளைக்கிழங்கைத் தோலோடு எடை போடுவதா, தோல் இல்லாமலா என்பது பற்றி. ரெண்டு மணி நேரம். பிஸ்கட் மூன்று சுற்று வந்தது. அதை யாரும் எடை போடவில்லை. எனக்கு வைத்ததை நான் தொடவில்லை, வீரமணி மோந்து பார்ப்பானே என்று. இயக்குநர் என் தட்டையும் இழுத்துக்கொண்டு, “கட்டுப்பாடு என்பது ஒரு பண்பாடு” என்றார். வாய் நிறைய இருந்ததால் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் பூமயில் மாட்டினாள். கேமராவில் பார்த்துவிட்டார்கள்.

“விதி பதினான்கு என்ன சொல்கிறது?” என்றார் இயக்குநர். “மறு பரிமாறல் எவருக்கும் இல்லை. உணவுக் கூடத்தில் அமர்ந்த எவருக்கும் இல்லை. இந்தப் பெண் தினமும் இரண்டாவது முறை வைக்கிறார்.”

“சார், பாதியும் பாதியும் சேத்து ஒண்ணுதான்” என்றேன்.

“கணக்கில் ஒன்று. நிகழ்வில் இரண்டு.”

“வயித்துக்குள்ள போறது ஒண்ணுதானே சார்?”

“பெரியவரே, நாங்கள் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை. கொள்கையைப் பற்றிப் பேசுகிறோம்.”

நவ்ஷாத் தம்பி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பிறகு வாசித்துக் காட்டினார். ‘பெற்றோர் பிரதிநிதி உணவை இரட்டிப்பாக்கக் கோரினார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.’ கீழே என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த நாளிலிருந்து ஒரே கரண்டி. வைத்துவிட்டுப் பூமயில் உள்ளே போய்விட வேண்டும். பன்னிரண்டு பேரும் தின்று முடித்து, தட்டை முன்னால் தள்ளி, மறு கரண்டிக்குக் காத்திருந்தார்கள். வரவில்லை. மதுமதி முதலில் அழுதாள். வீரமணி தட்டைத் தட்டினான். பிறகு எல்லாரும் தட்டினார்கள். ரோட்டில் ராமேஸ்வரம் போகிற டூரிஸ்ட் வேன் ஒன்று, உள்ளே பூஜை நடக்கிறது என்று நினைத்து நிறுத்திவிட்டதாம்.

இதற்காக இயக்குநர் சிவப்புப் புள்ளியைக் கொண்டு வந்தார். உணவுக் கூடத்தில் அமர்ந்த எவரும் தட்டைத் தட்டினால் ஒரு புள்ளி. குரலை உயர்த்தினால் ஒரு புள்ளி. மறுபடி கேட்டால் ஒரு புள்ளி. மூன்று புள்ளி ஆனால் ‘அளவுக்கு ஒவ்வாதவர்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதிவேடு பக்கத்துக்கு நம்பர் போட்டது. அடிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது, வெள்ளை மை தடவக்கூடாது.

ஒரே வாரத்தில் வீரமணிக்கு ரெண்டு புள்ளி. அந்தத் தடவை போனப்ப கையெல்லாம் பிறாண்டல்.

“அய்யா, நான் ரெண்டு வாங்கிட்டேன்” என்றான். வாங்கியது நல்லதா கெட்டதா என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நின்றான்.

“மூணாவது வாங்கிராதலே.”

“மூணாவது வாங்குனா என்ன குடுப்பாக?”

“வீட்டுக்கு அனுப்பிருவாக.”

“வீட்டுல புண்ணாக்கு இருக்கா?” என்றான்.

நான் நேராக இயக்குநர் ரூமுக்குப் போனேன். காலில் விழவும் தயார்தான். அந்த ஆள் காலில் விழுந்தால் அதற்கும் ஒரு ஃபாரம் எடுப்பார் என்பதால் வேறு விதமாகப் பேசினேன். “சார், இந்த ரெண்டு கரண்டிய நீங்க கண்டுபிடிச்சதுன்னு வச்சுக்கிட்டா என்ன?” என்றேன்.

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார்.

“பூமயிலுக்கு என்ன தெரியும், அது களையெடுத்த பிள்ள. நீங்க படிச்சவுக. பரிசோதனைன்னு சொல்லி ஒரு வாரம் செஞ்சு பாருங்க. சத்தம் இல்லைன்னா ஒங்க பேரு. சத்தம் வந்துச்சுன்னா எம் மகனுக்கு மூணாவது புள்ளியப் போட்டு அனுப்பிவிடுங்க, நான் ஒண்ணும் பேசல.”

அப்படிச் சொன்னேனே ஒழிய, பஸ்ஸில் திரும்புகிறப்ப உச்சிப்புளி வரைக்கும் வீட்டில் இன்னும் எத்தனை பூட்டு வாங்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

பரிசோதனைக்கு உத்தரவு வந்தது. ‘இருநிலைப் பரிமாறல் முன்னோடித் திட்டம்.’ ஏழு நாள். பயனாளிகள் பன்னிரண்டு பேர், பெயர்ப் பட்டியல் இணைப்பில். பட்டியலில் இல்லாத எவருக்கும் விதி பதினான்கு மாறாமல் தொடரும். ஏழு நாளில் உணவுக் கூடத்தில் ஒரு கொந்தளிப்பு நடந்தாலும் திட்டம் ரத்து, சமையல்காரர் நீக்கம், வீரமணிக்கு மூன்றாவது புள்ளி. இதோடு இன்னொன்றும் சேர்த்தார், மிச்சமில்லாச் சமையல். இத்தனை பேருக்கு இத்தனை கிராம் என்று உலையிலேயே அளந்து விடுவது, பரிமாறி முடிந்ததும் சட்டியில் ஒரு பருக்கை இருக்கக்கூடாது.

பூமயிலிடம் அந்தத் தாளைக் கொடுத்தார்கள். அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆறு நாள் ஓடியது. சத்தமில்லை. ஆறு நாளும் காலையில் நவ்ஷாத் தம்பிக்குப் போன் போடுவேன். “அமைதிதான் பெரியவரே, அல்ஹம்துலில்லாஹ்” என்பார். வைத்துவிடுவார்.

ஏழாம் நாள்தான் மேற்பார்வை அதிகாரி வருகிறார் என்றார்கள். பெயர் வினோத்குமார். நானும் குழு உறுப்பினர் என்பதால் வரச் சொன்னார்கள். போனேன். வாசலில் பேனர். ‘அளவின் நாயகரே வருக.’ அதிகாரி நோயாளிகளோடு சமமாக உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடப் போகிறார், போட்டோ எடுக்க ராமநாதபுரத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது. அவருக்கும் சேர்த்து உலையில் நூற்றிருபது கிராம்.

மணி பன்னிரண்டு இருபது. அதிகாரியைக் காணவில்லை. உள்ளே பன்னிரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். வீரமணி கண் முள்ளை விட்டு நகரவில்லை. சமையல் முடிந்ததும் சமையலறைக் கதவில் மறுபடி மூன்று பூட்டையும் தொங்கவிட்டுவிட்டார்கள். கோகிலாம்மா நிற்கிறார், நவ்ஷாத் தம்பி நிற்கிறார். இயக்குநர் சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்கிறார்.

“சார், சாவி” என்றாள் பூமயில்.

“அதிகாரி வந்த பிறகுதான்.”

“அதுக கத்தும் சார்.”

“கத்தினால் பதிவு செய்வோம்.”

பன்னிரண்டு இருபத்தைந்து. வீரமணி கை நகத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். இயக்குநர் பக்கத்தில் போய் நின்றேன்.

“சார், ஒரு சந்தேகம். சாப்பாடு பிந்தினா ஆளுக்கு ஒரு ஃபாரம் எழுதணும்ல?”

“ஆமாம். காலதாமத ஃபாரம்.”

“மூணு நகல்ல?”

“நான்கு.”

“பன்னெண்டு பேருக்கு அப்பன்னா நாப்பத்தெட்டு. அதிகாரி வண்டிய விட்டு எறங்கையில நீங்க எழுதிக்கிட்டு இருப்பீக. மாலையை யாரு போடுறது? நவ்ஷாத் தம்பியா?”

இயக்குநர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

முள் பன்னிரண்டரையில் நிற்கையில் முதல் பாதிக் கரண்டி தட்டில் விழுந்தது. காயும் மீனும் விழுந்தது. வீரமணி கையை நகத்திலிருந்து எடுத்தான்.

இவர்கள் பாதி தின்றுகொண்டிருக்கையில் அதிகாரி வந்தார். மாலை, சால்வை, போட்டோ. வீரமணிக்கு எதிரே உட்கார்ந்தார். பூமயில் வந்து அவருக்கு ஒரு முழுக் கரண்டி சோறு, ஒரு துண்டு மீன், காய் எல்லாம் வைத்தாள். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதிகாரி சோற்றைக் கையில் எடுத்துக் கேமராவைப் பார்த்தார். “நான் கிராமத்துக்காரன். இவர்களுடைய பசி என்னுடைய பசி. அளவோடு உண்பவனே மனிதன். அரைக் கரண்டியில் திருப்தி அடையும் மனம் வேண்டும். உலகத்தில் இத்தனை சண்டைக்கும் என்ன காரணம்? இன்னும் வேண்டும் என்கிற எண்ணம்தான்” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அதிகாரி ராமநாதபுரத்திலிருந்து வெயிலில் வந்தவர். நாலு வாயில் தட்டு காலி.

அந்த நேரம் பூமயில் மறு கரண்டியோடு சுற்று வந்தாள். மதுமதிக்குப் பாதி. அடுத்த ஆளுக்குப் பாதி. கடைசியில் வீரமணிக்குப் பாதி. அதிகாரி தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள்.

“அம்மா, இங்க.”

“ஒங்களுக்கு வச்சாச்சு சார்.”

“அது முதல்ல வச்சது.”

“அது ஒண்ணுதான் சார் ஒங்களுக்கு.”

“இவங்களுக்கு மட்டும் ரெண்டாவது வைக்கிறீங்க?”

“இதுக பேரு பட்டியல்ல இருக்கு சார். ஒங்க பேரு இல்ல.” இடுப்பிலிருந்து தாளை எடுத்து விரித்தாள். “இங்கன பாருங்க. எனக்கு வாசிக்கத் தெரியாது. இதான் விதி பதினாலுன்னாக.”

இயக்குநர் ஓடி வந்து காதோரம், “வை, வை” என்றார்.

“சட்டி காலி சார். மிச்சமில்லாச் சமையல்.”

அதிகாரி முகம் மாறியது. முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. “எனக்குத் தெரியாத விதியா? விதியை எழுதுற கமிட்டியிலேயே நான் இருக்கேன். விருந்துச் சாப்பாட்டோட உக்காந்து எழுதின விதி அது” என்றார். “மூணு மாவட்டத்துக்கு நான் அதிகாரி. என் பதவிக்கு ஒரு கரண்டியா? ஒரு நோயாளிக்கு ரெண்டு தரம், எனக்கு ஒரு தரமா?” குரல் ஏறிக்கொண்டே போனது. “சோறு கொண்டாங்க” என்று தட்டை மேசையில் ரெண்டு தட்டுத் தட்டினார். டங், டங் என்று கூடம் முழுக்கக் கேட்டது.

பன்னிரண்டு பேரும் தின்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். பன்னிரண்டில் இனி எவன் தட்டினாலும் திட்டம் போச்சு. வீரமணி எழுந்தான்.

“ஏலே, உக்காரு” என்றேன். காதில் வாங்கவில்லை.

அவன் மேசையைச் சுற்றி நடந்து அதிகாரி பக்கத்தில் போய் நின்றான். மீன் குழம்புக் கையை அவர் சால்வை மேலே வைத்துத் தோளைத் தடவினான். அவனுக்கு நாங்கள் எல்லாரும் தினமும் எந்தக் குரலில் சொல்லுவோமோ அந்தக் குரலிலேயே சொன்னான்.

“கத்தாதீக சார். கத்துனா புள்ளி வப்பாக. நாலு மணிக்குச் சுண்டல் வரும்.”

அதிகாரி தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“நெசமா வரும் சார். அந்தா அந்த முள்ளு அங்கன வரணும். அவ்வளவுதான்.”

“எவ்வளவு வைப்பாங்க?” என்றார் அதிகாரி. சத்தமே இல்லாமல் கேட்டார்.

“நாப்பது கிராம். ரெண்டு வாட்டியா வப்பாக. நீங்க பட்டியல்ல பேரு குடுத்துருங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து மிச்சச் சோற்றைத் தின்றான். மற்ற பதினொரு பேரும் தின்றார்கள். போட்டோக்காரர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

இதற்கிடையில் ஒன்று நடந்துவிட்டது. நவ்ஷாத் தம்பி காதும் கையுமான ஆள். கூடத்தில் சத்தம் கேட்டால் தலையைத் தூக்காமலே எழுதுவார், பழக்கம். எழுதி முடித்துத் தலையைத் தூக்கினார். யார் பேர் எழுதியிருக்கிறோம் என்று பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

“என்ன தம்பி?” என்றார் இயக்குநர்.

“தட்டைத் தட்டியது ஒன்று. குரல் உயர்த்தியது ஒன்று. மறுபடி கேட்டது ஒன்று. மூணு ஆயிருச்சு சார்.”

“யாருக்கு?”

நவ்ஷாத் தம்பி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ‘வினோத்குமார். அளவுக்கு ஒவ்வாதவர். குடும்பத்தாரிடம் ஒப்படைக்கவும்.’

“அடி அதை.”

“அடிக்கக்கூடாது சார்.”

“பக்கத்தைக் கிழி.”

“நம்பர் போட்டிருக்கு சார். உணவுக் கூடத்தில் அமர்ந்த எவரும்னு நீங்கதான் சொல்லச் சொல்ல எழுதினேன்.”

கோகிலாம்மா, “அவங்க குடும்பத்துக்குத் தகவல் குடுக்கணுமா?” என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

குழு உடனே உட்கார்ந்தது. அவசரக் கூட்டம். இந்தத் தடவை பிஸ்கட் வரவில்லை, சமையலறை பூட்டியிருந்தது, இயக்குநருக்குச் சாவியை எங்கே வைத்தோம் என்று நினைவில்லை. அரை மணி நேரம் யோசித்து ஒரு தீர்மானம் எழுதினார்கள். ‘சிவப்புப் புள்ளி முறையும் அதற்கான பதிவேடும் தொடங்கிய நாளிலிருந்தே இருந்ததில்லை எனக் கருதப்படும்.’

“அப்பன்னா எம் மகனோட ரெண்டு புள்ளி?” என்றேன்.

“எந்தப் புள்ளி?” என்றார் இயக்குநர் கோபமாக.

நான் இந்த மாதிரி ஆட்களை நம்புகிறவன் இல்லை. அந்தத் தீர்மானத்தில் ஒரு நகல் கேட்டு வாங்கி, சீல் வைக்கச் சொல்லி, மடியில் கட்டிக்கொண்டேன். கையெழுத்துப் போடும்போது இந்தத் தடவை வாசிக்கச் சொல்லி ரெண்டு வாட்டி கேட்டேன்.

பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறு கரண்டி இப்போது அங்கே நிரந்தரம். ‘யோகேஸ்வரன் இருநிலைப் பரிமாறல் நெறிமுறை’ என்று போர்டு எழுதி, அவர் படத்தோடு கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதில் பூமயிலுக்கு ரெண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். கரண்டியை எப்படிப் பாதியாக அமுக்குவது என்று கோகிலாம்மா கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினாராம். கடைசியில் பரீட்சை. பூமயிலுக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு. “எங்கன மார்க் கொறஞ்சுச்சுன்னு தெரியலண்ணே” என்று என்னிடம் வருத்தப்பட்டாள். இட்லி சீவுகிற ஆள் தொண்ணூறு வாங்கியிருக்கிறார்.

அன்றைக்கு நாலு மணி வரைக்கும் நான் இருந்தேன். சாவி அதற்குள் கிடைத்துவிட்டது, முள் நாலில் நின்றது, சுண்டல் வந்தது. வீரமணி வாசலை எட்டிப் பார்த்தான்.

“அந்த சார் நிக்கலையா?”

“போயிட்டாருலே.”

“பாவம். பேரு குடுத்துருக்கலாம்.”

கிளம்பும்போது வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அய்யா, அடுத்து எப்ப வருவீக?”

“பதினஞ்சு நாள்ல வாரேன்.”

“எத்தன மணிக்கு?”

“பதினொண்ணரை.”

“எம்புட்டு நேரம் இருப்பீக?”

“நாலு மணி வரைக்கும் இருப்பேன்.”

சரி என்று தலையாட்டினான். உள்ளே கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தான்.

“பிந்தாம வாங்க. பிந்துனா புள்ளி வச்சிருவேன்.”

அதற்கப்புறம் முதுகுளத்தூரில் நான் ஏறுவது முதல் பஸ்தான்.